பொடி கூடிய பிக்கர்

கல்லூரிகளில் நானோ என்ற சொல் புதிதாகப் புழங்கத் தொடங்கியிருந்த காலம். என் மகள் அப்போது முதுநிலை படித்தாள். நைலானை உருக்கி, அதில் ஒருவகைக் களிமண் பொடியைக் கலந்து உறுதியாக்குவதுதான் அவளுடைய ஆய்வு. அந்தப் பொடி, கண்ணுக்கே தெரியாத மெல்லிய தகடுகளாம். ஒன்றோடொன்று ஒட்டாமல் அவை நைலானுக்குள் பிரிந்து பரவிவிட்டால் சிட்டிகையே போதும் என்பாள். எனக்குப் பாதிதான் புரியும். அந்தத் தூசியை மூச்சில் இழுத்துவிடுவாளோ என்ற கவலை மட்டும் முழுதாக இருந்தது.

செல்லூரில் என் மனைவியின் அண்ணனுக்கு விசைத்தறிக் கூடம். தறியில் ஊடுநூலைக் கொண்டுபோகும் நாடாவை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு அடித்துத் தள்ளும் சின்னத் துண்டுக்குப் பிக்கர் என்று பெயர். அடித்து அடித்தே தேய்ந்துபோகும். மகள் தன் கலவையில் ஒன்று வார்த்துக் கொடுத்தாள். கடைப் பிக்கர் தேய்ந்துவிடும் காலம் கடந்தும் அது ஓடியது.

"மருமகளே, நீ படிச்சதுக்கு இப்பத்தான் ஒரு பிரயோசனம்" என்று சிரித்தார் மச்சான்.

ஒரு சனிக்கிழமை அவளை அழைத்துவர ஸ்கூட்டரில் கூடத்துக்குப் போனேன். அவள் கையில் இன்னொரு பிக்கர் இருந்தது. பொடி அதிகம் சேர்த்தது. கல்லூரியில் உடைத்துப் பார்ப்பதற்காகச் செய்தது. மாமாவிடம் காட்டத்தான் கொண்டுவந்திருந்தாள். அவர் நகத்தால் தட்டிப் பார்த்தார்.

"என்னாத்தா, கல்லு மாதிரி இருக்கு! இதையில்ல மொதல்ல குடுத்திருக்கணும்?"

"வேணாம் மாமா. பொடி கூடுனா கட்டிகட்டியாத் திரண்டுரும். கெட்டியாத்தான் இருக்கும், ஆனா படக்குன்னு உடைஞ்சிரும்."

"பாவு நூலுக்குக் கஞ்சி போடுறவன்கிட்டயே கெட்டியப் பத்திப் பாடம் எடுக்க வந்துட்டா."

அவளும் நானும் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவர் முதல் பிக்கரைக் கழற்றிவிட்டு இதைத் தறியில் மாட்டிவிட்டார். எங்களுக்குத் தெரியாது. டம்ளரை வைத்துவிட்டு அவள் உள்ளே போனாள். தன் பழைய பிக்கர் எப்படி இருக்கிறதென்று பார்க்க, அதே தறியின் ஓரத்தில் நின்றாள். நான் வாசற்படியில் நின்றேன்.

தறிச் சத்தத்துக்குள் ஒரு 'டக்'. இரும்பு முனை வைத்த மரநாடா தறியை விட்டுப் பறந்தது. அவள் தலை ஒரு பக்கமாக வெட்டிச் சாய்ந்ததை மட்டும் பார்த்தேன். அவளுக்குப் பின்னால் சுவரில் காரை பெயர்ந்து கொட்டியது.

மச்சான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்க, மொத்தக் கூடமும் ஒன்றாக நின்றது. அவள் காது மடல் கிழிந்து ரத்தம் துப்பட்டாவில் சொட்டியது. இரண்டு விரற்கடை முன்னே வந்திருந்தால் கண். அதற்கு மேல் இன்றும் என்னால் நினைக்க முடிவதில்லை.

அவளோ குனிந்து உடைந்த துண்டைப் பொறுக்கினாள்.

"அப்பா, பாருங்க. உடைஞ்ச இடத்துல வெள்ளை வெள்ளையாத் திரண்டிருக்கு."

"அதக் கீழ போடு!" என்று கத்தினேன். அவள்மேல் நான் கத்தியது அதுதான் முதல் தடவை.

மச்சான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "கஞ்சி கூடுனா நூலும் மொடமொடன்னு அறும் மாப்ள. எனக்குத் தெரியாததா அது?"

"விடுங்க மாமா, காதுதான. முடிய எறக்கி விட்டுக்கிறேன்" என்றாள்.

தையல் போடச் சிம்மக்கல் டாக்டரிடம் கிளம்பினோம். வைகைப் பாலத்தின் பாதியில் வண்டி அலைந்தது. நிறுத்திவிட்டேன்.

"எறங்குங்கப்பா. நான் ஓட்டுறேன்."

அவள் ஓட்டினாள். பின்னால் உட்கார்ந்து அவள் காதில் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"இம்புட்டு அழுத்தாதீங்கப்பா, வலிக்குது."

விரல்களைத் தளர்த்தப் பார்த்தேன். முடியவில்லை.