சாந்தி அக்காவின் கண்ணும் என் கேமராவும்

மலேசியாவின் பாசிர் கூடாங்கில் நான் வேலை செய்யும் சமையல் எண்ணெய் ஃபேக்டரியில், மூடி கோணலான போத்தலைக் கண்டால் சாந்தி அக்கா பட்டனைத் தட்டி அதை ஒதுக்கிவிடுவார். அந்த நொடியில் கேமரா பிடித்த படத்தை நான் எழுதிய பைதான் நிரல் சேமித்து வைக்கும். ஷிப்ட் முடிந்ததும் சூப்பர்வைசர் பார்ப்பார்.

இன்று காலை அக்கா நேராக என் மேசைக்கே வந்துவிட்டார்.

“தம்பி, நான் தள்ளுன போத்தல் எல்லாம் உங்க படத்துல நல்லா இருக்காம். சூப்பர்வைசர் என்னைக் கண்ணு செக் பண்ணச் சொல்றாரு லா.”

திறந்து பார்த்தேன். எல்லாப் படத்திலும் மூடி நேராகத்தான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் விஷயம் புரிந்தது. வேகமாக ஓடட்டும் என்று, கேமராவின் நினைவகத்தில் இருந்த பிக்சல்களை நான் நகலெடுக்கவே இல்லை. அவை இருக்கும் இடத்தை மட்டும் பைதானுக்குக் காட்டியிருந்தேன். கோப்பில் சேமிப்பதற்குள் கேமரா அதே இடத்தில் அடுத்த போத்தலின் படத்தை எழுதிவிடும். அக்கா தள்ளியது கோணல் மூடி. என் படத்தில் விழுந்தது அதன் பின்னால் வந்த நல்ல மூடி. அக்காவிடம் சொன்னேன்.

“அலமாக்! அப்ப என் கண்ணு சரிதானே?”

“சரிதான்க்கா. தப்பு என்னோடது. இப்பவே சூப்பர்வைசர்கிட்ட போய்ச் சொல்லிடறேன்.”

எழுந்தவனை அக்கா கையைக் காட்டி உட்கார வைத்தார்.

“இருங்க தம்பி. கண்ணு டாக்டரைப் பார்க்க நாளைக்கு லீவு கொடுத்துட்டாரு. நாளன்னிக்குச் சொல்லுங்க.”

திருத்தம் ஒரே ஒரு வரி. அதை நாளை மறுநாள் வரை இழுப்பது எப்படி? அனுபவமுள்ள புரோகிராமர்கள் யோசனை சொல்லவும்.