அணையை உடைத்தவள்

பொக்லைன் ஓட்ட அவள் வந்த புதிதில் கல் குவாரியில் இருந்தவர்கள் வாய்விட்டே சிரித்தார்கள். "அம்மா, இது தையல் மிஷின் இல்ல" என்றான் ஒருவன். "தையல் மிஷினா இருந்தா முதல்ல உன் வாயைத் தச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டு அவள் ஏறி உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அவளுக்கு 'மிஷின் அக்கா' என்ற பேர் நிலைத்துவிட்டது. பாலத்துக்கு அஸ்திவாரம், பள்ளிக்கூடத்துக்குக் கடைக்கால் என்று ஊரில் பாதியை அவள்தான் தோண்டினாள். தோண்டிய இடத்தில் கட்டடம் எழும்புவதைப் பார்க்கையில் அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

அப்படிப்பட்டவளிடம் ஒருநாள் ஒப்பந்தக்காரர் வந்து, "ஆத்து அணையை இடிச்சு எடுக்கப் போறாங்க. அந்த வேலைக்கு உன்னை விட்டா ஆள் இல்ல" என்றார்.

சட்டென்று அவளால் சரி என்று சொல்ல முடியவில்லை. காரணம், அந்த அணையின் மதகைத் திறந்து மூடியே காலம் கழித்தவர் அவளுடைய மாமனார். அணை மின்சாரம் கொடுத்ததெல்லாம் பழைய கதை. மின்நிலையத்தை மூடிவிட்டார்கள், நீர்த்தேக்கம் முக்கால்வாசி வண்டலால் தூர்ந்துவிட்டது, சுவரிலும் வெடிப்பு. ஆனால் வீட்டில் அந்தப் பேச்சை எடுத்ததுமே மாமனார் கொதித்துப் போனார்.

"நான் கட்டிக் காத்த சுவரை என் வீட்டு மருமகளே இடிக்கணுமா? ஊர்ல வேற மிஷினே இல்லையா?"

"இன்னும் சரின்னு சொல்லல மாமா."

"சொல்லிடாத."

சொல்லக் கூடாது என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். மறுநாள் அந்த ஆற்றை ஆராய்கிற பெண்மணி, தொழிலாளர்கள் 'மீன் டாக்டர்' என்று கூப்பிடுகிறவர், அவளை அணையின் அடிவாரத்துக்குக் கூட்டிப் போனார். சுவரடியில் தேங்கிய நீரில் மீன்கள் துள்ளித் துள்ளி கான்கிரீட்டில் மோதி விழுந்துகொண்டிருந்தன. பல மீன்களுக்கு மூக்கே தேய்ந்து போயிருந்தது.

"எதுக்கு இப்படி முட்டிக்கிட்டுச் சாகுதுங்க?"

"கடல்லேருந்து வருதுங்க. மேல போய்தான் முட்டை போடணும். பாட்டன் பூட்டன் காலத்து வழி அது. நடுவுல சுவர் வந்துடுச்சுன்னு யாரும் அதுங்களுக்குச் சொல்லல."

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த மீன் மோதி விழுந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"எப்ப ஆரம்பிக்கணும்?" என்றாள்.

அன்று மாலையே மாமனாரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதன்பிறகும் பேசவில்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றாலும் மகனிடம்தான் கேட்டார்.

வேலை அவள் நினைத்ததைவிடக் கடினம். தண்ணீரை ஒரேயடியாகத் திறந்தால் வண்டல் மொத்தமும் கீழே பாய்ந்து ஆற்றையே மூச்சுத் திணற அடித்துவிடும். அதனால் சுவரின் மேல்பகுதியைக் கொஞ்சம் உடைப்பாள். மீன் டாக்டர் தண்ணீரின் கலங்கலைச் சோதித்துச் சரியென்று சொன்னபிறகு இன்னும் கொஞ்சம் உடைப்பாள். பழைய ஆட்கள் கான்கிரீட்டுக்குள் தண்டவாளத் துண்டுகளைப் புதைத்து வைத்திருந்தார்கள். பொக்லைனில் மாட்டிய பிரேக்கர் உளி அதில் பட்டு அதிரும்போது அவளுக்குப் பல்லெல்லாம் கூசும். 'சுவரும் எங்க மாமா மாதிரிதான், லேசுல இறங்கி வராது' என்று நினைத்துக்கொள்வாள்.

கடைசித் துண்டை எடுக்கும் நாளில் இரண்டு கரையிலும் ஜனம் கூடிவிட்டது. அவள் ஆற்றுக்குள் போட்டிருந்த கல் பாதையில் பொக்லைனை நிறுத்திச் சுவரைக் குடைந்துகொண்டிருந்தாள். திடீரென்று வாக்கிடாக்கியில் இன்ஜினியர் கத்தினார்: "அக்கா, பாதைக்கு அடியில தண்ணி பீறிடுது! பின்னால வாங்க, பின்னால!"

பொக்லைனைப் பின்னுக்கு நகர்த்தினாள். சங்கிலிச் சக்கரத்தின் கீழே கற்கள் சரிவது உடம்பிலேயே தெரிந்தது. லீவரை விடாமல் பிடித்து ஒரே சீராகப் பின்வாங்கினாள். கெட்டித் தரைக்கு வந்ததும் பொக்லைனின் நீண்ட கையை முழுசாக நீட்டி, மிச்சமிருந்த துண்டைக் கொக்கிபோல் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தாள்.

சுவர் சாய்ந்தது. பழுப்புத் தண்ணீர் உறுமிக்கொண்டு வெளியே பாய்ந்தது. மாமனாரின் முகம் நினைவுக்கு வந்து அழுகை வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். வந்ததென்னவோ தொண்டை கிழியும் ஒரு கூவல். கரையிலிருந்து நூற்றுக்கணக்கான குரல்கள் அதற்குப் பதில் கொடுத்தன.

அந்த ஆரவாரம் ரொம்ப நாள் தாங்கவில்லை. நீர்த்தேக்கம் இருந்த இடத்தில் கருஞ்சேறு நாறியது. "படகு விட்ட இடத்துல பன்னி கூடப் போகாது இப்போ" என்று அவள் காதுபடவே பேசினார்கள். மிஷின் அக்கா 'சேத்து அக்கா' ஆனாள். அவளோ விடுமுறை நாட்களில் மீன் டாக்டரோடு போய் அந்தச் சேற்றில் புல்லும் மரக்கன்றும் நட்டாள். மழை வந்தது. ஆறு தன் பழைய தடத்தைத் தானே தேடிக்கொண்டது. வண்டலை அது அடித்துக்கொண்டு போக, அடியில் கூழாங்கற்கள் பளிச்சிட்டன. சேற்றின் மேல் பச்சை படர்ந்தது.

ஒருநாள் காலை, சாலை வேலையில் இருந்தபோது போன் அடித்தது. மாமனார்! இத்தனை மாதத்தில் முதல் முறை.

"ஏம்மா, வேலையைப் போட்டுட்டு ஆத்துக்கு வா."

"என்ன மாமா? உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. மீனு! மீனும்மா!"

போட்டது போட்டபடி ஓடினாள். அணை நின்ற இடத்தில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார் அவர். அவருடைய காலைச் சுற்றி மீன்கள், வெள்ளி வெள்ளியாய், சரம் சரமாய், நீரோட்டத்தை எதிர்த்து மேலே போய்க்கொண்டிருந்தன. கரையில் மீன் டாக்டர் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் திண்டாடினார்.

"இவ்வளவையுமா நான் வாசல்லயே நிறுத்தி வெச்சிருந்தேன்?" என்றார் மாமனார்.

"சுவர்தான் நிறுத்துச்சு மாமா. நீங்க இல்ல."

அவர் திரும்பி, தண்ணீருக்குள் இறங்கி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஊர்க்காரர்களைப் பார்த்தார். மதகடியில் சத்தம் போட்டுப் பழகிய பெருங்குரல் அப்படியே வந்தது. "தள்ளி நில்லுங்கய்யா, குறுக்க நிக்காதீங்க! இது என் மருமக திறந்துவிட்ட வழி!"

அவள் பேண்ட்டை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். கணுக்காலில் ஒரு மீன் உரசிவிட்டு, நிற்காமல் போனது.

அடுத்த வருஷம் பக்கத்து ஆற்றில் இன்னொரு பழைய அணைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். பொக்லைனை லாரியில் ஏற்றி முடித்துவிட்டு வந்து பார்த்தால், முன் சீட்டில் மாமனார் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்.

"நீங்க எங்க மாமா?"

"சுவரை எங்க தட்டினா விழும்னு உனக்கென்ன தெரியும்? நான் அணைக்காரன்மா. வண்டியை எடுக்கச் சொல்லு" என்றார்.