எரியுது நைனா

கவரைப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது ஒரு பழைய லாரி. அப்பாவை நாங்கள் நைனா என்போம். சுற்றியிருந்த இரும்புத் தொழிற்சாலைகளுக்கு அவர் அதில் லோடு அடித்தார். வண்டி ஓடத் தகுதியானது என்று எஃப்.சி. வாங்காவிட்டால் எந்தத் தொழிற்சாலையும் கேட்டுக்குள் விடாது. எனவே எஃப்.சி.க்குக் காட்டும் நாள் வந்தால், பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி பரபரப்பாகிவிடுவோம். பெண்ணுக்குப் பவுடர், லாரிக்குப் பெயிண்ட்.

அந்த வருடம் பெயிண்ட் அடித்தவர் சித்தப்பா. மனுஷனுக்குத் தாராளக் கை. பின்விளக்குகளைக் கழற்றி, அவை உட்காரும் இரும்புப் பட்டையிலும் போல்ட் துளையிலும்கூட இடம் விடாமல் பூசி, காய்ந்ததும் மாட்டினார். நைனாவே மெச்சிக்கொண்டார்.

மறுநாள் பேஜாரு ஆரம்பித்தது. இடது இண்டிகேட்டரைப் போட்டால் வலதும் சேர்ந்து மங்கலாக மினுக்கியது. பிரேக்கை மிதித்தால், எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கும் அணைந்தது. நைனா பல்பை மாற்றினார், ஃபியூஸை மாற்றினார், கடைசியில் வயரையே புதிதாக இழுத்தார். யாராவது எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடலாமே என்ற அம்மாவிடம், என் வண்டி எனக்குத் தெரியாதா என்று எரிந்து விழுந்தார்.

கேபினில் இருப்பவருக்குப் பின்னால் எரிவது தெரியாது. பின்னால் நின்று சொல்கிற உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காதவள், "எரியல நைனா" என்று தெருவே கேட்கக் கத்தினேன். அதைக் கேட்டு அவர் முகம் எப்படிப் போனது என்று நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.

எஃப்.சி.க்குப் போன வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி போனபோதும் அதே கதைதான். தொழிற்சாலை எவ்வளவு நாள் காத்திருக்கும்? லோடு வேறு லாரிக்குப் போனது. நைனா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவார். ஒருநாள், வண்டியை விற்றாகிவிட்டது என்று சொன்னார்.

வாங்கியவர் சோழவரத்திலிருந்து வந்தார். பின்னால் குனிந்து பார்த்தவர் விளக்குப் பட்டையின் போல்ட்டைத் தளர்த்தி, அடியிலிருந்த பெயிண்ட்டைக் கத்தியால் சுரண்டி, திரும்ப முடுக்கினார். இரும்பும் இரும்பும் தொட்டால்தான் கரண்ட் ஓடுமாம்.

"எர்த்து கெடைக்கலபா. பெயிண்ட் நடுவுல அடச்சிக்கினு கீது. வேற இன்னாவும் இல்ல" என்றார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

லாரி கிளம்பியது. தெருமுனையில் பிரேக் பிடித்தபோது சிவப்பு விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. இடது இண்டிகேட்டர் மட்டும் தனியாக, அழகாக மினுக்கியது. நான் தெரு நடுவே ஓடி நின்று, "எல்லாம் எரியுது நைனா" என்று கத்தினேன்.

வாசலில் நின்ற நைனா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். காதில் விழவில்லை போல என்று நினைத்து, நான் இன்னும் உரக்கக் கத்தினேன்.