ஓசி காஜி

உங்கள் டீமில் ஓசி காஜி யார்? கட்டாயம் ஒருத்தன் இருப்பான். இல்லையென்றால் அது நீங்கள்தான்.

காஜி என்றால் பேட்டிங். 'இப்ப யாரு காஜி?' என்று கேட்டால் யார் ஆடுகிறார்கள் என்று அர்த்தம். 'ஃபர்ஸ்ட் காஜி எங்களுது' என்றால் டாஸ் ஜெயித்தாயிற்று. பேட்டைப் பிடித்தால் கீழே வைக்காதவன் காஜி பார்ட்டி. ஆடி முடித்துவிட்டு, ஃபீல்டிங் வந்ததும் போனைக் காதில் வைத்தபடி கழன்றுகொள்பவன்தான் ஓசி காஜி. இன்ஸ்டாவில் இதே வார்த்தைக்கு வேறு அர்த்தம் ஓடுகிறது. அதை விடுங்கள்.

எங்கள் டீமில் அது நான்.

படப்பை தாண்டி, விற்காமல் கிடக்கும் வீட்டுமனை லேஅவுட்டில் ஆடுவோம். மனைக்கல்தான் ஸ்டம்ப். எல்லோரும் ஒரகடத்தில் ஒரே பார்ட்ஸ் கம்பெனியில் கான்ட்ராக்ட். நான் பி.இ., வாலாஜாபாத்தில் வீடு. டீமுக்குப் புதிதாக ஒருத்தன் வந்தான்: டிப்ளமோ, திருநெல்வேலிப் பக்கம், கம்பெனி அருகே வாடகை ரூம். முதல் நாளே கேட்டான்.

"காஜின்னா என்னல?"

"பேட்டிங், மச்சி."

"அத பேட்டிங்னே சொன்னா வாய் சுளுக்கிருமோ?"

"உங்கூருக்கு மொதல்ல கரண்ட் வந்துச்சாடா?"

"எங்கூரு கரண்டு காத்தாடி சுத்தலன்னா ஒங்கூர்ல ஃபேனே சுத்தாதுல!"

அவனுக்கு பேட்டிங் மேல் ஆசை கிடையாது. பந்து போடுவான், ஓடுவான், முள்ளுக்குள் போன பந்தை எடுத்து வருவான். எனக்கு அப்படி ஒருத்தன் வசதியாக இருந்தது.

அந்த ஞாயிறு எனக்கு மதியம் இரண்டு மணி ஷிஃப்ட். அவனுக்கு வீக் ஆஃப். கம்பெனி பஸ் வரும் நேரம், நான் நாற்பத்தொன்றில் நின்றேன். அவுட் ஆகிவிட்டுப் போ என்று பசங்கள் கத்தினார்கள். நான் நகரவில்லை. அவன் பவுண்டரியிலிருந்து வந்து கையை நீட்டினான்.

"கார்டக் குடுல. நான் போறேன். நீ அம்பது அடி."

"சூப்பர்வைசர் கண்டுக்கினா?"

"தொப்பியும் மாஸ்க்கும் போட்டா நீயும் நானும் ஒரே மூஞ்சிதாம்ல."

ஆள் மாற்றிப் போவது எங்களுக்குள் சகஜம். கேட்டில் கார்டைத் தேய்த்தால் போதும், முகத்தை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அவன் வழக்கமாக நிற்பது பேக்கிங்கில். என் இடம் பிரஸ் மெஷின். அந்த மெஷினில் ஒரு பட்டன் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும்; பிரஸ் தானாக மறுபடி இறங்கும். அது மேலே வந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் உள்ளே கை வைக்க வேண்டும். எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. சொல்ல வாயெடுத்தேனா என்றுகூட இப்போது நினைவில்லை. பவுலர் ஓடி வந்துகொண்டிருந்தான்.

ஐம்பத்தாறு அடித்தேன். ஃபீல்டிங் செய்யாமல் கிளம்பி, போனை சைலன்ட்டில் போட்டு ஊர் சுற்றிவிட்டு, இருட்டிய பிறகுதான் வீட்டுக்குப் போனேன்.

வீட்டு வாசலில் அம்மா செருப்பில்லாமல் நின்றிருந்தது. என் வலது கையைப் பிடித்து இழுத்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணியது. மறுபடியும் எண்ணியது. கம்பெனியிலிருந்து போன் வந்திருக்கிறது: உங்க பையன் கை பிரஸ்ஸில் மாட்டிக்கொண்டது, ரெண்டு விரல் போச்சு.

ஆஸ்பத்திரியில் கட்டிலின் மேல் என் பெயர். நர்ஸ் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவன் "ம்" என்றான்.

கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் என்னைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். "வாய மூடினு இரு. ஆள் மாத்தி உள்ள வுட்டது தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் வேலை காலி. உன் ஈ.எஸ்.ஐ.ல நடக்கற ட்ரீட்மென்ட்டும் நின்னுடும், பாத்துக்கோ."

மூடிக்கொண்டேன். கட்டு பிரித்ததும் அவன் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டான். விபத்து ரிஜிஸ்டரில் விரல் போனவன் நான்தான். ஒரு மாத மெடிக்கல் லீவும் என் பெயரில்தான். அதன் பிறகு என்னை வேறு லைனுக்கு மாற்றினார்கள். அங்கே புதிதாகச் சேர்ந்தவர்கள் சேஃப்டி போர்டில் ஒட்டிய விபத்துப் பட்டியலில் என் பெயரைப் பார்த்துவிட்டு வந்து, "இப்போ கை பரவால்லியாண்ணே?" என்று கேட்கிறார்கள். கையை பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்கிறேன். குளிக்கும்போது, சாப்பிடும்போது, அவனுக்குப் போன அதே ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒருமுறை மடக்கிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. சில நாள் அவை என் விரல்கள் மாதிரியே இல்லை. நான் பேட் தொடுவதில்லை. பவுலர் ஓடி வர ஆரம்பித்தால், பக்கத்தில் யாரோ கார்டுக்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். திரும்பிப் பார்த்தால் வெறும் மனைக்கல்.

போனில் அவன் ஒருமுறைகூடத் திட்டியதில்லை. "சாப்டியால?" என்றுதான் ஆரம்பிப்பான். போன வாரம்தான் முதல்முறையாக ஒன்று கேட்டான்.

"நஷ்டஈட்டுக்கு எழுதிப் போடலாம்னு போனேம்ல. அங்க அடிபட்டதுக்கு பேப்பர் கேக்கான். எந்தப் பேப்பர்லயும் எம்பேரு இல்லையேல. ஒம்பேர்ல இருக்குறதுல ஒண்ணையாவது எம்பேருக்கு மாத்தித் தர முடியுமா?"

அடுத்த மாதம் எனக்கு பர்மனென்ட் ஆகப்போகிறது. அவனுக்கு அது தெரியும். தெரிந்துதான் இத்தனை நாள் கேட்காமல் இருந்திருக்கிறான்.

"பாக்கறேன் மச்சி" என்றேன். அதற்கும் "சரில" என்றான்.

இன்று காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நான் லைனுக்குப் போகவில்லை. ஒரு முழுப் பக்கம் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். கார்டு கொடுத்தது, அவன் பெயர், பட்டன் ஒட்டுவது எனக்குத் தெரியும் என்பது, எல்லாமே அதில் இருக்கிறது. ஹெச்.ஆர். ரூம் வாசலில் உட்கார்ந்து இதை போனில் டைப் செய்துகொண்டிருக்கிறேன். மணி ஒன்பது நாற்பது. மேடம் இன்னும் வரவில்லை.