ஊதா ஜெர்கினுக்கு பஸ் நிற்காது

போன வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, காலை ஆறு இருபதுக்கு, ஒரு பஸ் என் முகத்துக்கு நேராக ஹாரன் அடித்துவிட்டு நிற்காமல் போனது.

இதில் என்ன அதிசயம் என்பீர்கள். பஸ் என்றால் நிற்காமல் போகத்தான் செய்யும். ஆனால் இந்த பஸ் எனக்காகப் பல வருடமாக நிற்கிறது. செண்பகனூருக்குக் கீழே, ஸ்டாப்பே இல்லாத ஒரு வளைவில். நான் கையைக்கூடக் காட்ட வேண்டியதில்லை. மூடுபனிக்குள் ஒரு பழுப்புக் கோட்டு தெரிந்தால் போதும், டிரைவர் செல்வத்தின் கால் தானாக பிரேக்குக்குப் போய்விடும்.

அன்றைக்கு நான் பழுப்புக் கோட்டில் இல்லை. ஊதா ஜெர்கினில் இருந்தேன்.

இந்த அவமானம் எப்படி நேர்ந்தது என்பதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசை தப்பினால் எனக்குத் தூக்கம் வராது. ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் முப்பத்தோரு வருடம் வருகைப் பதிவேடு எழுதியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. கொடைக்கானலில் இந்த வருடம் முதல் உறைபனி என்றைக்கு விழுந்தது, பஜாரில் எந்தக் கடை என்றைக்குப் பெயர்ப்பலகை மாற்றியது, ஏரிக்கரையில் எந்த மரம் என்றைக்குச் சாய்ந்தது... எல்லாம் என் டைரியில் தேதியோடு இருக்கிறது. யார் கேட்டார்கள் என்று கேட்காதீர்கள். இதுவரை யாரும் கேட்கவில்லை.

என் உடுப்புக்கும் அதில் பதிவு உண்டு. பத்து வெள்ளை முழுக்கைச் சட்டை. நான்கு சாம்பல் நிற பேன்ட். ஒரு பழுப்புக் கோட்டு. லேஸ் கட்டுகிற கறுப்பு ஷூ. அவ்வளவுதான். பதினொன்றாவது சட்டை வீட்டுக்குள் வந்தால், பழசில் ஒன்று வெளியே போக வேண்டும். பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்றைக்கு எதைப் போடலாம் என்று கன்னத்தில் கைவைத்து நிற்கிற ஆண்பிள்ளையைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். நாற்பது வயதாகியும் தான் யார் என்று தெரியாமல் தினமும் காலையில் தேடுகிறான், பாவம்!

சீசனில் எங்கள் ஊருக்கு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? (அது நீங்களாகவும் இருக்கலாம். இருந்தால், உங்களைத்தான் சொல்கிறேன்.) தலையில் குரங்குக் குல்லா. இடுப்பில் அரை டிராயர். காதுக்குக் குளிர்கிறது, முழங்காலுக்குக் குளிரவில்லை — என்ன உடம்போ! அடுத்து ஒரு குடும்பம் வரும். அப்பா, அம்மா, பையன், மச்சினன், மாமனார் என்று ஐந்து பேரும் ஒரே மஞ்சள் பனியன். நெஞ்சில் ஊர்ப் பெயர். எதற்கு என்று ஒருவரிடம் கேட்டேன். கூட்டத்தில் தொலைந்துபோனால் கண்டுபிடிக்க வசதியாம். அந்தக் கோலத்தில் தொலைந்தவரை யாராவது தேடுவார்களா?

மலையிலிருந்து இறங்கினாலும் கதை அதேதான். வத்தலக்குண்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை வீட்டாரில் பாதிப்பேர் வெல்க்ரோ வேட்டி. இடுப்பில் நிற்பதற்கு ஒட்டுப்பட்டி தேவைப்படுகிற வேட்டியை, பேன்ட் என்று ஒப்புக்கொண்டு போவதுதானே மரியாதை? பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர் ஒரே பச்சை வேட்டியில் ஐந்து நாள் நடக்கிறார். வழியில் யாருக்கும் அவிழ்ந்ததாக என் டைரியில் பதிவில்லை.

சரி, ஜெர்கினுக்கு வருகிறேன்.

என் மாப்பிள்ளை நல்லவர். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. ஆயுத பூஜை லீவுக்கு மகளோடு வந்தவர், வந்ததும் வராததுமாக என் முன்னால் செல்போனை நீட்டினார். அதில் ஒரு தாடிக்காரப் பையன். ஆண்களுக்கு என்றைக்கும் அழியாத கிளாசிக் ஸ்டைல் எது என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தான். அவன் தாடிக்கே வயது ஆறு மாதம் இருக்காது. வெள்ளைச் சட்டை, பழுப்புக் கோட்டு, கறுப்பு ஷூ என்று அவன் விரல் மடக்கினான். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். "அதான் நான்" என்றேன்.

"இல்ல மாமா, கிளாசிக்கையும் அப்டேட் பண்ணிக்கிட்டே இருக்கணும்" என்றார் மாப்பிள்ளை. என்றைக்கும் அழியாததை எப்படி அப்டேட் செய்வது? அதைக் கேட்பதற்குள் பார்சலைப் பிரித்துவிட்டார்.

ஊதா. கத்தரிப்பூ ஊதாகூட இல்லை; ஓட்டலில் ஈயைக் கொல்ல மாட்டுகிற பல்பு மாதிரி எரிகிற ஊதா. சின்னச் சின்னத் தலையணைகளை அடுக்கித் தைத்தது போல வரிவரியாக உப்பல். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். கண்ணாடியில் இடம் போதவில்லை.

பஜாரில் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கும் ரசூல் பாய் என் பழைய சினேகிதர். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார். "உள்ள ஒண்ணும் இல்ல சார். காத்தத் தச்சு விக்கிறோம். நல்லாப் போகுது" என்றார். பிறகு குரலைத் தணித்து, "ஒங்களுக்கு எதுக்கு சார் இதெல்லாம்? ஒங்க ஸ்டைலு ஊருக்கே தெரியும்ல" என்றார். நெஞ்சு நிமிர்ந்து வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் என் மனைவி தங்கம் வேறு தீர்ப்பு வைத்திருந்தாள்.

"மாப்பிள்ளை ஆசையா வாங்கிட்டு வந்திருக்காரு. போட்டுக்கிட்டா என்னவாம்? கலரும் அடக்கமாத்தான இருக்கு. ஒங்க கோட்டு மாதிரியேதான் இருக்கு."

அடக்கமான கலராம்! மாமியார்கள் மாப்பிள்ளைக்காகச் சாட்சி சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. காரணம், தங்கத்துக்கு அப்போது நிஜமாகவே கண் சரியில்லை. இரண்டு கண்ணிலும் புரை. இடது கண்ணில் முற்றியே விட்டது. அரிசியில் கல் பார்க்க முடியாமல், எதிரே வருகிறவரைக் குரலை வைத்து அடையாளம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். மதுரையில் ஆபரேஷனுக்கு இரண்டு முறை தேதி கொடுத்து, இரண்டு முறையும் சர்க்கரை கூடிப்போனதால் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மூன்றாவது தேதிதான் அந்தச் செவ்வாய்க்கிழமை. கஞ்சியும் நடையுமாகச் சர்க்கரையை ஒரு மாதம் கட்டிப்போட்டு வைத்திருந்தாள். பதினோரு மணிக்குள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.

அன்று வெள்ளனே எழுந்து கிளம்பும்போது, "இன்னைக்கு ஒரு நாளாச்சும் நான் சொல்றதக் கேளுங்க. அதப் போடுங்க" என்றாள்.

ஆபரேஷனுக்குப் போகிற மனைவி சொன்னால் என்ன செய்வீர்கள்? போட்டேன்.

வளைவில் நின்றோம். ஒரு கையில் ஆஸ்பத்திரி ஃபைல். இன்னொரு கையைத் தங்கம் பிடித்திருந்தாள். பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியாத பனி. மஞ்சள் விளக்கு இரண்டு மேலேயிருந்து இறங்கி வந்தது. வழக்கம் போல விறைப்பாக நின்றேன். வேகம் குறையவில்லை. கையைக் காட்டினேன். நீளமாக ஒரு ஹாரன்... அவ்வளவுதான்.

"நின்னுச்சா?" என்றாள்.

"இல்லை."

"ஓட்டுனது நம்ம செல்வம் தம்பியா?"

"ஆமாம்."

முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு, "மூணாந்தடவையும் வீட்டுக்குத் திரும்பச் சொல்லாதீங்க. நான் வர மாட்டேன், இங்கனயே உக்காந்துக்கிடுவேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. என் கையைப் பிடித்திருந்த விரல்கள்தான் இறுகின.

அடுத்த பஸ் ஏழரைக்கு. அதில் போனால் மதுரைக்குப் பதினொன்றரைக்கு மேல் ஆகும். இன்னொரு தேதி வாங்குவதற்குள் சர்க்கரை எங்கே ஏறி உட்காருமோ! ஒரு கார் வந்தது. கையை ஆட்டினேன். பின் சீட்டுக் கண்ணாடி இறங்கியது. ஒரு கை வெளியே நீண்டு எனக்கு டாட்டா காட்டிவிட்டுப் போனது. இன்னொரு கார். அதிலிருந்து இரண்டு கைகள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் மலைச்சாலையில் உப்பிய ஜெர்கினில் நின்று கையாட்டுகிறவனுக்கு ஒரே அர்த்தம்தான். டூரிஸ்ட். வீடியோ எடுக்கிறான். அவனுக்காக யாரும் நிறுத்த மாட்டார்கள்.

ஜெர்கினைக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். வெறும் சட்டையில் நடுங்கிக்கொண்டு நின்றேன். இரண்டே நிமிடம். கேரட் மூட்டை ஏற்றிய ஒரு மினி லாரி எங்களைத் தாண்டிப்போய், நின்று, பின்னால் வந்தது. பேத்துப்பாறை மாயாண்டி. அவன் மகள் எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள்.

"என்ன சார், குளிருல வெறுஞ்சட்டையோட நிக்கிறீங்க? ஏறுங்க வெரசா. அக்கா, பாத்து..." என்றவன், வண்டியைக் கிளப்பியபடியே சொன்னான். "கோட்டு இல்லாததுனால மொதல்ல தெரியல சார். அப்புறந்தான் சட்டையப் பாத்தேன். இந்தக் கலர்ல இந்த ஊர்ல வேற யாரு போடுறா?"

அந்தக் குளிரிலும் எனக்கு உள்ளே இதமாக இருந்தது. பார்த்தீர்களா, வெள்ளைச் சட்டையின் மகிமையை!

பெருமாள்மலையில் பஸ் பத்து நிமிடம் நிற்கும். நாங்கள் போனபோது செல்வம் கையில் டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்தார். லாரியிலிருந்து நான் இறங்குவதையும் என் கக்கத்தில் இருந்ததையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார்... அது நீங்களா? எவனோ ரீல்ஸ் எடுக்கிறான்னுல்ல ஹாரன் அடிச்சிட்டு வந்துட்டேன். ஒரு நாளைக்கு நாப்பது பேரு கையக் காட்டுறான் சார். நிப்பாட்டுனா ஏறவும் மாட்டான், பல்லக் காட்டுவான். எப்பவும் போல பிரவுன் கோட்டு, நீலச் சட்டையில நின்னிருந்தா தூக்கத்துலகூட நிப்பாட்டியிருப்பேனே" என்றார்.

நீலச் சட்டையாம்! வாழ்நாளில் நான் நீலச் சட்டை போட்டதில்லை. அத்தனை வளைவுகளில் அத்தனை உயிர்களை வைத்து வண்டி ஓட்டுகிற மனிதருக்கு வெள்ளைக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லையே... ஆஸ்பத்திரியில் தங்கத்தின் பக்கத்து பெஞ்சில் இவரையும் உட்காரவைத்தால் என்ன என்று யோசித்தேன். ஆனால் முன் சீட்டில் இருந்தவரை எழுப்பித் தங்கத்தை உட்காரவைத்தவர் அவர்தான். அதனால் மன்னித்தேன்.

பத்தரைக்கு ஆஸ்பத்திரி. சர்க்கரை அடங்கியிருந்தது. மத்தியானம் இடது கண்ணில் ஆபரேஷன் முடிந்தது.

மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள். தங்கம் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிறகு என் மடியைப் பார்த்தாள்.

"இது என்ன?"

"மாப்பிள்ளை கொடுத்த ஜெர்கின்."

"இந்தக் கலரா?" வாயைப் பொத்திக்கொண்டாள். "இதப் போட்டுக்கிட்டா ரோட்டுல நின்னீங்க?"

புரை விழுந்த கண்ணுக்கு உலகமே மஞ்சளடித்துத்தான் தெரியும், ஊதாவும் நீலமும் செத்துப்போய்ப் பழுப்பாகிவிடும் என்று பக்கத்திலிருந்த நர்ஸ் விளக்கினார். எனக்கு அந்த விளக்கமே தேவையில்லை. கொள்கை ஜெயித்துவிட்டது. அன்றைய டைரிப் பக்கத்தில் அதை எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன்.

ஜெர்கினை இப்போது சமையலறைப் பின்கதவின் இடுக்கில் செருகியிருக்கிறேன். காற்று வருவதில்லை. ரொம்ப உபயோகமாக இருக்கிறது என்று மாப்பிள்ளையிடம் போனில் சொன்னேன். பொய்யில்லை.

இந்த இடத்தில், பத்திரிகைக்கு அனுப்புகிற இந்த வாரப் பத்தியை முடித்திருக்கலாம். முடித்தும் விட்டேன். வெள்ளிக்கிழமை ராத்திரியே எழுதி, கவரில் போட்டு ஒட்டியாகிவிட்டது.

சனிக்கிழமை வெயில் வந்தது. ஒரு வாரமாக ஈரத்தில் கிடந்த துணிகளைக் கொடியில் போட்டேன். தங்கம் பின்வாசலுக்கு வந்தாள். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கொடியைப் பார்த்தாள்.

"ஏங்க... கொடியில கெடக்குற நீலச் சட்டையெல்லாம் யாருது?"

நான் திரும்பிப் பார்த்தேன். என் சட்டைகள். பத்தாவது என் உடம்பில்; மற்ற ஒன்பதும் கொடியில் வரிசையாக. பின்னால் பளிச்சென்று வானம். சட்டைக்கும் வானத்துக்கும் நடுவே பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

மெதுவாக விஷயம் வெளியே வந்தது. இரண்டு வருடமாக, எவ்வளவு துவைத்தாலும் என் சட்டைகள் அவள் கண்ணுக்கு மஞ்சளாகவே தெரிந்திருக்கின்றன. "வெள்ளைன்னா ஒங்களுக்கு உசுருன்னு, தண்ணியில ரெண்டு சொட்டு நீலம் கூட விட்டேன். அப்பவும் மஞ்சளாத்தான் இருந்துச்சு. இன்னும் ரெண்டு சொட்டு..." வெள்ளையாகத் தெரிகிற வரைக்கும் விட்டிருக்கிறாள். அவளுக்கு வெள்ளையாகத் தெரிகிற வரைக்கும்.

அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவளுக்குக் கண்ணில் புரை. எனக்கு என்ன? அடுத்தவன் முழங்காலையும் இடுப்பையும் நெஞ்சில் எழுதியிருப்பதையும் பார்த்துக்கொண்டே, தினமும் காலையில் அந்தச் சட்டைக்குப் பத்து பட்டன் போட்டிருக்கிறேன். டைரியைப் புரட்டினேன். நீலம் பாட்டில் சீக்கிரம் தீர்ந்துபோவதாக மூன்று இடத்தில், தேதியோடு, குறித்திருக்கிறேன்.

நேரே பஜாருக்குப் போனேன். "பாய், மறைக்காமச் சொல்லுங்க. என் சட்டை என்ன கலர்?"

ரசூல் பாய்க்குக் கேள்வியே விளங்கவில்லை. "நீலந்தான் சார். அதான ஒங்க ஸ்டைலு! ரெண்டு வருசமா ஒரு நாள் மாத்தலியே நீங்க."

கவரைப் பிரித்து, இந்தக் கடைசிப் பகுதியைச் சேர்த்திருக்கிறேன். டிரைவர் செல்வத்தின் கண்ணைப் பற்றி மேலே எழுதியதை மட்டும் அடித்துவிட்டு வாசிக்கவும்.