குடித்திருக்கிறான் என்றேன்

என் மகன் திண்டிவனத்தில் திருமணப் பத்திரிகை அடிக்கும் சிறிய அச்சகம் வைத்திருந்தான். விழுப்புரத்திலிருந்து தினமும் ரயிலில் போய் வருவான். ஊரடங்கில் ரயிலும் நின்றது. பத்திரிகை அடித்து ஊரைக் கூட்டித் திருமணம் செய்வோரும் இல்லை. மூன்றாம் வாரத்திலிருந்து அவன் உறங்கவில்லை. ஐந்தாம் வாரத்தில் சுவரில் நெற்றியை மோதிக்கொள்ளத் தொடங்கினான். மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று மருமகள் இருமுறை சொன்னாள். பேத்திக்கு வரன் தேடும் சமயத்தில் அந்தப் பேச்சு வெளியே போகக் கூடாது என்று தடுத்தேன். முப்பத்தைந்து ஆண்டுகள் கல்லூரியில் தத்துவம் கற்பித்தவன் நான்.

ஒருநாள் காலை கடப்பாரையால் தொலைக்காட்சியை உடைத்தான். தடுக்கப் போன மருமகளின் மணிக்கட்டு முறிந்தது. பிறகு தெருவுக்கு ஓடி, நோய் கண்ட வீட்டின் முன் அடைத்திருந்த தகரத்தைப் பிடித்து இழுத்தான். அதன் விளிம்பு உள்ளங்கையை எலும்பு தெரியக் கிழித்தது. அவன் விடவில்லை. யாரோ போன் செய்ய, இரண்டு காவலர்கள் வந்தார்கள்.

இவனுக்கு என்ன என்று என்னைத்தான் கேட்டார்கள். மாடிகளெல்லாம் ஆட்கள். குடித்திருக்கிறான் என்றேன். குடி எங்கள் தெருவில் எந்தத் திருமணத்தையும் நிறுத்தியதில்லை.

மதுக்கடைகள் ஒரு மாதத்துக்கும் மேலாக மூடிக் கிடந்ததை நான் மறந்திருந்தேன். அவர்கள் மறக்கவில்லை.

"கடையே இல்ல, சரக்கு எங்கடா வந்துச்சு? காய்ச்சறவன் யாரு?"

"நா குடிக்கல சார். ஊதறேன், மோந்து பாருங்க."

அந்நாட்களில் இன்னொருவன் மூச்சை முகர யார் வருவார்? இருவரும் இரண்டடி பின்வாங்கினார்கள். அந்தத் தூரத்துக்கு லத்தியின் நீளம் போதுமானதாக இருந்தது. முழங்காலில், முதுகில், கிழிந்த கையில். ஒவ்வோர் அடிக்கும் அதே கேள்வி. குடிக்காதவன் யார் பெயரைச் சொல்வான்? தரையில் கிடந்தபடி என்னைப் பார்த்தான்.

"சொல்லுப்பா. நா குடிக்கலன்னு சொல்லு."

நான் சொல்லவில்லை. சொன்னால் அடுத்து என்ன கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அதன்பின் அவன் எதையும் உடைக்கவில்லை, பேசவும் இல்லை. அடங்கிவிட்டான் என்று நம்பினேன். முப்பது நாள் கழித்துத் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான்.

உடலை எடுக்க வந்த சிலரில் எதிர்வீட்டுக்காரரும் ஒருவர். என் தோளைத் தொட வந்தவர், நோயின் நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டார்.

"இன்னா சார் பண்றது. குடி அவன முழுங்கிடுச்சு."

மாவுக்கட்டுப் போட்ட கையோடு வாசலில் நின்ற மருமகள் என்னையே பார்த்தாள்.

ஆமாம் என்றேன்.