சென்றியில் நடந்த ஓட்டக்காரன்

2003இல் போர் நிறுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்கான ஏ-9 வீதி திறந்திருந்த நாட்கள். கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி, இடுப்பு முறிய இருந்து, ஊர்காவற்றுறையில் வந்து இறங்கினேன். லீவு போட்டு வந்தது என் தம்பி யூட் ஓடுவதைப் பார்க்க. கடற்றொழில் செய்கிறவன். மீனை இறக்கி வைத்த கையோடு வீதியில் ஓடத் தொடங்கிவிடுவான். பைத்தியம் என்று ஊர் சொன்னது, நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது விளையாட்டுக் கழகத்தார் கொழும்பின் பெரிய மரதனுக்குத் தேர்வு வைத்தார்கள். எங்கள் துறைமுகத்தடியிலிருந்து யாழ்ப்பாணம் பண்ணை வரை, ஏறக்குறைய இருபது கிலோமீற்றர். ஒன்றரை மணித்தியாலத்துக்குள் ஓடி முடித்தால் இடம் நிச்சயம். எங்கள் ஊரில் அதுவரை ஒருவருக்கும் அது கிடைத்ததில்லை.

காலை ஐந்தரைக்கு விசில் ஊதினார்கள். நான் தண்ணீர்ப் போத்தல்களோடு ஓட்டோவில் பின்னால் போனேன். பனங்கூடல்கள், கூரையில்லாத கல்வீடுகள், இடையிடையே புகையிலைத் தோட்டம். யூட் முன்னுக்கே ஓடினான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வேலணையில் கடற்படையின் முதல் சென்றி, துவக்கோடு ஆள் நிற்கும் காவலரண், வந்தது. யூட் சட்டென்று ஓட்டத்தை விட்டு நடந்தான். கைகள் இரண்டையும் உடம்பில் படாமல் விரித்துப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல. சென்றியைத் தாண்டிய பிறகுதான் திரும்ப ஓடினான். அனுமதி எடுத்திருக்கிறோம், நிற்காமல் ஓடலாம் என்று கழகத்தார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ஆனால் இத்தனை வருடமாக அந்த இடங்களில் சைக்கிளையும் உருட்டிக்கொண்டு நடந்த சனம் நாங்கள். சென்றியை நோக்கி ஓடுகிறவனை என்ன செய்வார்கள் என்று குழந்தைக்கும் தெரியும்.

அல்லைப்பிட்டியிலும் அதே கதை. ஓட்டோவைப் பக்கத்தில் விடச் சொல்லி ஏசினேன்.

"கால் சொல்வழி கேக்குதில்லை அக்கா," என்றான், என்னைப் பாராமலே.

ஓட்டோக்காரர் அவன் பக்கம் பேசினார். "எனக்கும் சென்றியைக் கண்டால் பிறேக் தானாப் பிடிபடுது. அவனை ஏசி என்ன செய்யிறது?"

மணிக்கூட்டைப் பார்த்தேன். இன்னொரு தரம் நடந்தானென்றால் எல்லாம் போச்சு. மிச்சம் இருந்தது மண்டைதீவுச் சந்திச் சென்றி. அதற்குச் சற்று முன்னால் இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகினேன். தம்பி கிட்ட வந்ததும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு அவனுக்கு முன்னால் ஓடினேன். நாற்பத்தொரு வயதில், சென்றியைப் பார்த்து. காவலுக்கு நின்ற பெடியன் திகைத்துப் போய்ப் பார்த்தான். பிறகு ஒதுங்கி வழி விட்டான். பின்னால் தம்பியின் காலடி கேட்டது. அது நடக்கிற சத்தமில்லை.

என்னைத் தாண்டிப் பண்ணைப் பாலத்தில் ஏறினான். இரண்டு பக்கமும் கடல், நடுவில் எங்கள் வீட்டுப் பிள்ளை. வீதியோரத்தில் இருந்து வாய்விட்டு அழுதேன். வேறொன்றுமில்லை, பெருமைதான்.

ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் மிஞ்சியிருக்க ஓடி முடித்தானாம். நான் ஓட்டோவில் போய்ச் சேர்ந்தபோது நிலத்தில் மல்லாந்து கிடந்தான்.

"அக்கா, கொழும்பிலையும் சென்றி இருக்குமோ?"

"ஓம், இருக்கு," என்றேன். "நீ ஓடு. எனக்கும் இப்ப ஓடத் தெரியும்."